லூஜியாசுய் போகிறீர்களா? ஷாங்காயின் வானுயர் கட்டடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாபார விஷயமாக வருபவர்களோ சுற்றிப் பார்க்க வருபவர்களோ, ஷாங்காய் என்றதும் நம்மவர்கள் கேட்பது ஒரே இடத்தைப் பற்றித்தான்: ஆற்றங்கரையில் கோபுரம் கோபுரமாக விளக்கு எரியுமே, அந்த இடம். இந்த ஊரில் வசிப்பதால் சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று பலரும் போனில் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். கட்டணங்களும் நேரங்களும் மாறக்கூடியவை, கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

லூஜியாசுய்னா சரியா எது? பூடோங், பண்ட்னு ஆளுக்கொரு பேர் சொல்றாங்களே?

ஷாங்காயை ஹுவாங்பு ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குக் கரை முழுவதும் பூஷி, பழைய நகரம். கிழக்குக் கரை பூடோங். பூடோங்கில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் மூக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் நிலம்தான் லூஜியாசுய். வானுயர் கட்டடங்கள் நிற்பது அங்கேதான்.

அதற்கு நேர் எதிரே, மேற்குக் கரையில், 1920களின் வங்கிகளும் சுங்க மாளிகையும் வரிசையாக நிற்கும் சாலைதான் பண்ட். சீனர்கள் அதை ‘வைட்டான்’ என்பார்கள். படங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பண்டில் நின்று லூஜியாசுயை எடுத்தது. இரண்டும் ஒரு ஆற்றின் இரண்டு கரைகள் என்று மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் குழப்பம் எல்லாம் தீர்ந்துவிடும்.

விசா வேணுமா? ட்ரான்சிட்ல இருக்கும்போதே போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் விசா எடுத்துக்கொண்டு வாருங்கள். பல நாட்டவருக்கு இருக்கும் 240 மணி நேர இடைத்தங்கல் சலுகை இந்த இரண்டு பாஸ்போர்ட்டுக்கும் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் வேறொரு நாட்டுக்குப் பறப்பவர்களை விசா இல்லாமல் வெளியே விடும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் விமான நிலையத்தில் தற்காலிக அனுமதி வாங்க வேண்டும், அது அதிகாரியின் முடிவு. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்குக் கவலை இல்லை, சுற்றுலாவுக்கு 30 நாள்வரை விசா தேவையில்லை.

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே 2020ல் நின்றுபோன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கின. சென்னையிலிருந்து வருபவர்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங் வழியாக வருவதுதான் வழக்கம்.

ஏர்போர்ட்ல இருந்து எப்படிப் போறது? அந்த மிதக்கிற ரயில்ல போகலாமா?

பூடோங் விமான நிலையத்திலிருந்து மெட்ரோ 2ஆம் வழித்தடம் நேராக லூஜியாசுய் நிலையத்துக்கே போகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம். மலிவு, ஆனால் பெட்டி படுக்கையோடு காலை நெரிசலில் மாட்டினால் சிரமம்.

மிதக்கும் ரயில் என்பது மேக்லெவ். தண்டவாளத்தைத் தொடாமல் காந்தவிசையில் ஓடும். விமான நிலையத்திலிருந்து லாங்யாங் சாலைவரை 30 கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் கடக்கும். முன்பு மணிக்கு 431 கிலோமீட்டர் வேகம்வரை ஓட்டினார்கள், சில வருடங்களாக 300தான். டிக்கெட் 50 யுவான், அன்றைய விமான டிக்கெட்டைக் காட்டினால் 40. லாங்யாங் சாலையில் இறங்கி அதே 2ஆம் தடத்துக்கு மாற வேண்டும் என்பதால் மிச்சமாகும் நேரம் அதிகமில்லை. குழந்தைகள் இருந்தால் ஒருமுறை ஏறிப் பாருங்கள், எதிரே வரும் ரயில் கண் இமைப்பதற்குள் கடந்துபோவதைப் பார்த்து அவர்கள் கத்துவார்கள்.

மெட்ரோவில் நுழையும்போது எல்லா நிலையத்திலும் பையை ஸ்கேனரில் வைக்கச் சொல்வார்கள். தண்ணீர் பாட்டிலையும் சோதிப்பது உண்டு. பதற வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான்.

காசு எப்படிக் குடுக்கிறது? நம்ம ஜிபே வேலை செய்யுமா?

செய்யாது. இங்கே அலிபே, வீசாட் பே என்ற இரண்டு செயலிகளில்தான் ஊரே ஓடுகிறது. கிளம்பும் முன்பே அலிபேயை போனில் போட்டு, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, உங்கள் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைத்துவிடுங்கள். வங்கியிடம் சொல்லி வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்கவும் மறக்காதீர்கள், இதை மறந்து வந்து நிற்பவர்கள்தான் அதிகம். ஒரே தடவையில் 200 யுவானுக்கு மேல் கொடுத்தால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். வீசாட் இந்தியாவில் 2020 ஜூனிலேயே தடை செய்யப்பட்டது, அதனால் இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு அலிபேதான் வழி.

மெட்ரோவுக்கான கியூ.ஆர். குறியீடும் அலிபேக்குள்ளேயே இருக்கிறது, வாடகைக் காருக்கான தீதியும் இருக்கிறது. ஆனாலும் கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், 100 யுவான் நோட்டுக்கு மீதி கொடுக்கச் சின்னக் கடைகளில் திணறுகிறார்கள்.

வாட்ஸ்அப், கூகுள் மேப் ஓடாதாமே? அப்போ வழி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஓட்டல் வைஃபையிலும் சீன சிம்மிலும் ஓடாது. உங்கள் ஊர் சிம்மிலேயே ரோமிங் போட்டுக்கொண்டு வந்தால், அல்லது வெளிநாட்டில் வாங்கிய பயண இ-சிம் இருந்தால், பொதுவாக ஓடும். அந்த இணைப்பு உங்கள் நாட்டு வலையமைப்பு வழியாகச் சுற்றிப் போவதுதான் காரணம்.

கூகுள் மேப் திறந்தாலும் அதை நம்பாதீர்கள். சீனாவில் வரைபடங்களுக்குத் தனியான ஆயத்தொலை முறை கட்டாயம் என்பதால், நீங்கள் நிற்கும் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். லூஜியாசுய்யில் சில நூறு மீட்டர் என்றால் சாலையின் தவறான பக்கம், மறுபடி பாலம் ஏற வேண்டும். ஐபோனில் ஆப்பிள் மேப்பும், ஆண்ட்ராய்டில் ஆமேப்பும் சரியாகக் காட்டுகின்றன. ஆமேப்பில் ஆங்கிலமும் உண்டு.

எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? பகல்ல போகவா, ராத்திரில போகவா?

மத்தியானம் மூன்று மணிக்குப் போய் இரவு பத்துக்குத் திரும்புங்கள். பகல் வெளிச்சம், அந்தி, விளக்கு மூன்றும் ஒரே நாளில் கிடைத்துவிடும். காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு “வெறும் கண்ணாடிக் கட்டடம்தானே” என்று திரும்பியவர்கள் உண்டு. அவர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள்.

விளக்குகள் கோடையில் இரவு ஏழு மணி அளவிலும் குளிர்காலத்தில் ஆறு மணி அளவிலும் ஏற்றப்படும், பத்து மணி அளவில் அணைந்துவிடும். பத்து மணிக்கு மேல் பண்டுக்குப் போய் இருட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் ஏழு மணிவரை வெளிச்சம் இருக்கும்.

எந்த மாசம் வரலாம்?

அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முழுவதும். வானம் தெளிவாக இருக்கும், ஸ்வெட்டர் போதும். ஏப்ரலும் நல்லதுதான். ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம்வரை இங்கே பிளம் மழைக்காலம்: நாள் கணக்கில் நசநசவென்று தூறல், கோபுரங்களின் மேல்பாதி மேகத்துக்குள் போய்விடும். ஜூலை, ஆகஸ்டில் சென்னை வெயிலுக்குக் குறைவில்லை, புயல் சீசனும் அதுதான். ஜனவரியில் ஆற்றுக் காற்று எலும்புவரை இறங்கும்.

நாலு கோபுரம் இருக்காமே. ஒண்ணுலதான் ஏற முடியும்னா எதுல ஏறுவீங்க?

முதலில் நான்கையும் சொல்லிவிடுகிறேன். ஓரியண்டல் பேர்ல் தொலைக்காட்சிக் கோபுரம், 468 மீட்டர், இளஞ்சிவப்புக் கோளங்கள் கோர்த்தது, 1994ல் கட்டி முடித்தார்கள். ஜின் மாவ் கோபுரம், 420.5 மீட்டர், 88 மாடி, 1999. ஷாங்காய் உலக நிதி மையம், 492 மீட்டர், 2008, உச்சியில் பெரிய ஓட்டை இருக்குமே அது. ஷாங்காய் டவர், 632 மீட்டர், முறுக்கிவிட்டது போல மேலே போகும், 2015ல் முடிந்தது. சீனாவிலேயே உயரமானது இதுதான். கடைசி மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன, உள்ளூர்க்காரர்கள் செல்லமாக ‘சமையலறை மூன்று சாமான்’ என்பார்கள். நிதி மையம் பாட்டில் திறப்பான், ஷாங்காய் டவர் முட்டை அடிக்கும் கரண்டி.

நான் ஏறச் சொல்வது உலக நிதி மையத்தில். காரணம் எளிது: ஷாங்காய் டவரின் 118ஆம் மாடியில், 546 மீட்டர் உயரத்தில் நின்றால் எல்லாம் தெரியும், ஷாங்காய் டவர் மட்டும் தெரியாது. இந்த ஊரின் மிக அழகான கட்டடத்தின் உள்ளே நின்றுகொண்டு அதைப் பார்க்காமல் வருவானேன்? நிதி மையத்தின் 100ஆம் மாடியில், 474 மீட்டரில், அந்த ஓட்டையின் மேல்விளிம்பிலேயே 55 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை போகிறது, தரையில் கண்ணாடிப் பட்டைகள். ஒரு பக்கம் ஷாங்காய் டவரின் கண்ணாடி வளைவு ஏறக்குறைய கைக்கெட்டும் தூரத்தில். இன்னொரு பக்கம் கீழே குனிந்தால் ஜின் மாவின் முடி தெரியும், பழைய பௌத்தப் பகோடா கோபுரம் போல அடுக்கடுக்காகக் கூம்பி வரும் உலோக வேலைப்பாடு. தரையிலிருந்து அதை இப்படிப் பார்க்கவே முடியாது.

அந்த ஓட்டை முதலில் வட்டமாகத்தான் வரையப்பட்டது. கட்டியது ஜப்பானின் மோரி நிறுவனம். வட்டம் ஜப்பானியக் கொடியின் சூரியன் மாதிரி இருக்கிறதென்று எதிர்ப்பு வந்து, இப்போதுள்ள சரிவக வடிவத்துக்கு மாற்றினார்கள். 1997ல் தொடங்கிய வேலை அந்த வருட ஆசிய நிதி நெருக்கடியில் நின்றுபோய், பிறகுதான் மறுபடி எழுந்தது.

சின்னக் குழந்தைகள் இருந்தால் ஓரியண்டல் பேர்ல். 259 மீட்டரில் கண்ணாடித் தரை, அடித்தளத்தில் பழைய ஷாங்காயின் தெருக்களை மெழுகுப் பொம்மைகளோடு அமைத்திருக்கும் வரலாற்று அருங்காட்சியகம். “உயரமானதில்தான் ஏறினேன்” என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை இருந்தால் ஷாங்காய் டவர், அதுவும் நியாயமான ஆசைதான். ஆனால் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது கோபுரத்தில் அதே ஊரைத்தான் பார்ப்பீர்கள்.

மேகமா இருக்கு. ஆனாலும் டிக்கெட் வாங்கலாமா?

வாங்காதீர்கள். கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், உச்சி தெரியவில்லையென்றால் உச்சியிலிருந்து நீங்களும் தெரிய மாட்டீர்கள். வெள்ளைச் சுவரைப் பார்ப்பதற்கு அவ்வளவு பணம் எதற்கு? டிக்கெட் கவுன்டரில் மேலே பார்வைத் தெளிவு எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். முன்கூட்டியே ஆன்லைனில் வாங்காமல் அன்றைக்கு வானத்தைப் பார்த்து வாங்குவதே மேல். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். நீண்ட விடுமுறை நாட்கள் மட்டும் விதிவிலக்கு, அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

எனக்கு உயரம்னா பயம். லிஃப்ட்ல காது அடைக்கும்னு வேற சொல்றாங்க.

அடைக்கும். ஷாங்காய் டவர் லிஃப்ட் நொடிக்கு 18 மீட்டர் ஏறி ஒரு நிமிடத்துக்குள் மேலே கொண்டுவிடுகிறது. எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும், மிட்டாய் ஒன்று வாயில் போட்டுக்கொள்ளுங்கள். கடும் சளி இருக்கும் நாளில் தவிர்த்துவிடுங்கள்.

பயத்தைப் பொறுத்தவரை, ஷாங்காய் டவர்தான் உங்களுக்கு ஏற்றது. எல்லாமே உள்ளறை, தரை உறுதியான தரை, கண்ணாடியிலிருந்து நான்கடி தள்ளி நின்றும் பார்க்கலாம். கண்ணாடித் தரை இருக்கும் ஓரியண்டல் பேர்லும் நிதி மையமும் வேண்டாம். ஜின் மாவின் 88ஆம் மாடிக்கு வெளியே, 340 மீட்டர் உயரத்தில், கைப்பிடிச் சுவரே இல்லாத நடைபாதை ஒன்று இருக்கிறது, கயிறு கட்டித்தான் விடுவார்கள். அதன் பக்கமே போகாதீர்கள்.

அவ்வளவு உசரக் கட்டடம் காத்துல ஆடாதா? ஆத்தங்கரை மண்ணு எப்படித் தாங்குது?

ஆடும். ஆட வேண்டும், அப்படித்தான் கட்டுவார்கள். ஷாங்காய் டவரை அடியிலிருந்து நுனிவரை 120 பாகை முறுக்கியிருப்பது அழகுக்கு மட்டும் இல்லை. காற்று ஒரே சீராக வந்து மோதினால் கட்டடத்தின் இரு பக்கமும் மாறி மாறிச் சுழல் கிளம்பி அதை ஆட்டும். முறுக்கிய வடிவம் அந்தச் சுழல்களைச் சிதற அடித்துவிடுகிறது. காற்றின் சுமை 24 சதவீதம் குறைந்ததாகக் கட்டடத்தை வடிவமைத்த கென்ஸ்லர் நிறுவனம் சொன்னது. மேல்மாடிகளில் 1000 டன் எடையுள்ள ஒரு ஊசற்குண்டும் தொங்குகிறது. கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது அது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

நீங்கள் கேட்ட மண் விஷயம் இன்னும் சுவாரசியம். ஷாங்காய் முழுவதும் யாங்சி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். பாறை வெகு ஆழத்தில், அதுவரை போக முடியாது. அதனால் 80 மீட்டருக்கும் மேல் ஆழமாக நூற்றுக்கணக்கில் தூண்கள் இறக்கி, மண்ணின் பிடிமானத்திலேயே நிறுத்துகிறார்கள். ஷாங்காய் டவரில் அந்தத் தூண்களின் மேல் 6 மீட்டர் கனத்துக்கு ஒரு கான்கிரீட் மெத்தை. 60,000 கன மீட்டருக்கும் அதிகமான கலவையை இரவு பகலாக நிறுத்தாமல் ஊற்றினார்கள். இடையில் நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாத இடத்தில் பலவீனம் வந்துவிடும்.

புயல் எச்சரிக்கை வந்தால் பார்வை மாடங்களை மூடிவிடுவார்கள். 2024 செப்டம்பரில் வந்த பெபின்கா, 1949க்குப் பிறகு ஷாங்காயைத் தாக்கிய மிக வலுவான புயல். இரண்டு விமான நிலையங்களிலும் விமானங்கள் நின்றன, கோபுரங்கள் அப்படியே நின்றன.

மேல ஏறாம, சும்மா சுத்திப் பார்க்க ஏதாவது இருக்கா? எல்லாம் ஆபீஸ்தானே?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. லூஜியாசுய்யை நான் ரசிப்பது பெரும்பாலும் தரையில் நின்றுதான். ஓரியண்டல் பேர்ல் அடியில் ரவுண்டானாவின் தலைக்கு மேலே வட்டமான நடைமேம்பாலம் இருக்கிறது. இலவசம். எஸ்கலேட்டரில் ஏறி ஒரு சுற்று நடந்தால் நான்கு கோபுரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் வந்து நிற்கும். அங்கிருந்து மேல்வழியாகவே கடைவீதிகளுக்கும் மூன்று கோபுரங்களின் பக்கமும் போகலாம். கீழே சாலையைக் கடக்க முயலாதீர்கள், வேலி போட்டிருப்பார்கள்.

அப்புறம் மத்தியப் பசுமைப் பூங்கா. கோபுரங்களுக்கு நடுவே 10 ஹெக்டேர் புல்வெளி, ஒரு குளம். வேலைநாளில் பன்னிரண்டரை மணிக்குப் போனால், கழுத்தில் அடையாள அட்டை தொங்க அலுவலக ஆட்கள் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு சுற்று நடப்பார்கள். சிலர் காலணியைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் கண்ணை மூடிக் கிடப்பார்கள். குளத்தில் ஷாங்காய் டவர் தலைகீழாகத் தெரியும். தெற்கு ஓரத்தில் ஓடு வேய்ந்த பழைய வீடு ஒன்று, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, ஆற்றோர நடைபாதை. பண்டைவிடக் கூட்டம் மிகக் குறைவு. எதிர்க்கரையின் பழைய கட்டடங்களை மாலை வெயிலில் முழுசாகப் பார்க்க இதுதான் இடம். 2017 கடைசியில் யாங்பு பாலத்திலிருந்து ஷுபு பாலம்வரை ஆற்றங்கரை 45 கிலோமீட்டரையும் இணைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதற்கு முன் பல இடங்களில் தொழிற்சாலைச் சுவரும் துறைமுகக் கேட்டும் மறித்துக்கொண்டிருந்தன. எந்தப் பெருநகரமும் செய்ய வேண்டிய வேலை இது. ஆற்றைக் குடிமக்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆத்தைக் கடந்து பண்டுக்குப் போக எது நல்ல வழி?

படகு. லூஜியாசுய்யின் தெற்குப் பக்கம் டோங்சாங் சாலைப் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரைக்கு 2 யுவான். இது சுற்றுலாப் படகு கிடையாது, ஊர் மக்கள் வேலைக்குப் போய்வரும் படகு. கேட் திறந்ததும் மின்ஸ்கூட்டர்காரர்கள் முதலில் உருட்டிக்கொண்டு வருவார்கள், ஒதுங்கி வழிவிடுங்கள். உட்கார இடம் தேடாமல் கம்பியோரம் போய் நில்லுங்கள். சரக்குப் படகுகள் தாழ்வாகத் தண்ணீரை உரசிக்கொண்டு போகும், டீசல் வாடை அடிக்கும், ஐந்தாறு நிமிடத்தில் அக்கரை. அந்த நேரத்தில் ஒரு பக்கம் பழைய ஷாங்காய், மறுபக்கம் புதியது, நடுவில் நீங்கள். சாயங்காலம் விளக்கு ஏற்றும் சமயமாகப் பார்த்து ஏறினால் நூறு யுவானுக்கு மேல் கொடுத்து ஏறும் உல்லாசப் படகே வேண்டாம் என்பேன்.

அவசரமென்றால் மெட்ரோ: லூஜியாசுய்க்கு அடுத்த நிலையமே கிழக்கு நாஞ்சிங் சாலை, ஆற்றுக்கு அடியில் போய்விடும், 3 யுவான். படம் எடுக்க நல்ல இடம், பண்டின் வட கோடியில் இருக்கும் வைபைடு இரும்புப் பாலம். 1907ல் கட்டியது.

நாங்க சுத்த சைவம். சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். ‘வோ ச்சி சூ’ என்றால் நான் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். சீன எழுத்தில் போனில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். காய் என்று வருவதில் பன்றிக் கொழுப்போ சிப்பிச் சாறோ கலந்திருக்கலாம். மாப்போ டோஃபுவில் கொத்துக்கறி தூவியிருப்பார்கள். ‘முட்டையும் வேண்டாம்’ என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

நிம்மதியாகச் சாப்பிட மேற்கு நாஞ்சிங் சாலையில் இருக்கும் கோங்டெலின் போங்கள். 1922ல் தொடங்கிய பௌத்த சைவ உணவகம், வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. லூஜியாசுய்யின் பெரிய கடைவீதிகளில் உணவகங்கள் நிறைய, விலையும் நிறைய. பழம், வேகவைத்த சோளம், சோயாப்பால் எல்லாம் சின்னச் சின்ன இருபத்துநான்கு மணிநேரக் கடைகளில் கிடைக்கும்.

அம்மா அப்பாவைக் கூட்டிட்டு வரேன், ரெண்டு பேருக்கும் முட்டி வலி. முடியுமா?

முடியும். கோபுரங்களுக்குள் லிஃப்ட்தான். வட்டப் பாலத்துக்கு எஸ்கலேட்டர் இருக்கிறது. சிரமம் தருவது தூரம். வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் இரண்டு கட்டடத்துக்கு நடுவே பத்து நிமிட நடை இருக்கும். வெயிலிலும் மழையிலும் மெட்ரோவிலிருந்து மூன்று கோபுரங்களுக்கும் போகும் சுரங்கப் பாதையைப் பயன்படுத்துங்கள். நடையை மத்தியப் பூங்கா, ஒரு கோபுரம், படகு என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டு, பண்டிலிருந்து திரும்பும்போது தீதியில் கார் பிடித்துவிடுங்கள். பண்ட் சாலையிலேயே கார் நிற்காது, ஒரு தெரு உள்ளே போய் ஏற வேண்டும்.

ஏமாத்துறவங்க யாராவது இருப்பாங்களா?

ஊர் பாதுகாப்பானது, நள்ளிரவில் பெண்கள் தனியாக நடக்கிறார்கள். ஒரே ஒரு பழைய வலை மட்டும் இன்னும் விரிக்கப்படுகிறது. பண்டிலும் நாஞ்சிங் சாலையிலும் நல்ல ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் இருவர் மூவராக வந்து படம் எடுத்துத் தரச் சொல்வார்கள், பேச்சுக் கொடுப்பார்கள், பிறகு பக்கத்தில் தேநீர் சடங்கு பார்க்கலாமா என்பார்கள். போனால் குட்டிக் குட்டிக் கோப்பைக்கு ஆயிரக்கணக்கில் பில் வரும். படம் எடுத்துக்கொடுங்கள், சிரித்துப் பேசுங்கள், கூடப் போகாதீர்கள்.

டிரோன் கொண்டு வரலாமா?

லூஜியாசுய்யில் பறக்கவிட முடியாது. கட்டுப்பாடு கடுமை, பதிவும் அனுமதியும் வேண்டும். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முப்பது வருஷத்துக்கு முன்னாடி இது வெறும் வயக்காடுன்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். பூடோங்கின் உள்பகுதியில் வயல்கள் இருந்தன. ஆனால் லூஜியாசுய் காலியாகக் கிடந்த இடமில்லை. கப்பல் பட்டறைகள், கிடங்குகள், ஆலைகள், அவற்றை நம்பி நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பங்கள் என்று ஆள்புழக்கம் நிறைந்த இடம். வசதி கிடையாது, அவ்வளவுதான். ‘பூடோங்கில் ஒரு வீட்டைவிட பூஷியில் ஒரு கட்டில் போதும்’ என்பது ஷாங்காய்க்காரர்களின் பழைய சொலவடை. ஆற்றைக் கடக்கச் சாதாரண மக்களுக்குப் படகைவிட்டால் வழியில்லை. 1987 டிசம்பரில் ஒரு காலை, பனிமூட்டத்தால் படகு நின்று, மீண்டும் விட்டபோது லூஜியாசுய் துறையில் கூட்டம் முண்டியடித்ததில் பலர் இறந்தார்கள். மேலே சொன்ன 2 யுவான் படகில் ஏறும்போது இது எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

1990 ஏப்ரலில் பூடோங்கை வளர்க்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. 1991ல் நான்பு பாலம், 1993ல் யாங்பு பாலம் வந்தன. 1992ல் ரிச்சர்ட் ராஜர்ஸ், டோயோ இட்டோ போன்ற வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர்களிடமும் யோசனை கேட்டார்கள். கடைசியில் உள்ளூர் நிபுணர்கள் எல்லாவற்றையும் சேர்த்து வரைந்த திட்டத்தில் நடுவே பூங்கா, பக்கத்தில் மூன்று உயரக் கோபுரங்கள் என்று முடிவானது. மூன்றாவது கோபுரம் எழ இருபது வருடத்துக்கு மேல் ஆனாலும், அந்தத் தாளில் இருந்தபடியே எழுந்தது.

அந்தப் பூங்காவுக்காக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1997ல் புல்வெளி வந்தது. விட்டுவைத்தது ஒரே ஒரு வீடு: சென் குய்சுன் என்ற வணிகர் 1910களில் கட்டியது. வெளியே சீனக் கூரையும் முற்றமும், உள்ளே சில அறைகளில் ஐரோப்பியப் பாணி. கதவுகளில் செதுக்கியிருக்கும் மரவேலைப்பாட்டை நின்று பாருங்கள், பழைய கதைக் காட்சிகளில் குதிரையும் மனிதர்களும் விரல் நகம் அளவில். தலையைத் தூக்கினால் ஓட்டுக் கூரைக்கு மேலே ஷாங்காய் டவர். பெரும்பாலானவர்கள் இந்த வீட்டைத் தாண்டிக்கொண்டு டிக்கெட் வரிசைக்கு ஓடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தக் குடும்பங்கள் வாழ்ந்த இடத்தில் நின்று பார்க்க மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

அக்டோபர் 1 லீவுலதான் வர முடியும். இல்லேன்னா டிசம்பர் 31. கூட்டம் தாங்குமா?

அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, நாடே ஊர் சுற்றும் நாட்கள். நாஞ்சிங் சாலையிலிருந்து பண்டுக்குப் போகும் வழியில் காவலர்கள் வரிசையாகக் கைகோர்த்து நின்று, சிக்னல் மாறும்போதெல்லாம் கதவு மாதிரித் திறந்து மூடுவார்கள். கிழக்கு நாஞ்சிங் சாலை மெட்ரோவில் ரயில் நிற்காமலே போகும், நடந்துதான் ஆக வேண்டும். அந்த வாரத்தில் கோபுர டிக்கெட்டை மட்டும் முன்கூட்டி வாங்கிவிடுங்கள், காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கு. இரவு விளக்கை லூஜியாசுய் பக்கத்து ஆற்றோர நடைபாதையிலிருந்தோ, இன்னும் வடக்கே தள்ளி வடக்கு பண்டிலிருந்தோ பாருங்கள்.

டிசம்பர் 31 இரவு பண்டுக்குப் போக வேண்டாம். 2014ல் அன்றிரவு பண்டில் ஆற்றோர மேடைக்கு ஏறும் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 36 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். அதன் பிறகு கட்டுப்பாடுகள் எவ்வளவோ கூடிவிட்டன, ஆனாலும் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் அந்தக் கூட்டத்துக்குள் போகாதீர்கள். ஜனவரி 2ஆம் தேதி இரவும் அதே விளக்குகள் எரியும்.

போன தடவை வந்தப்போ கோபுரம், பண்ட் எல்லாம் பார்த்தாச்சு. மறுபடி வந்தா புதுசா என்ன?

பூடோங் கலை அருங்காட்சியகம். ஆற்றோரமாக, ஓரியண்டல் பேர்லுக்குப் பக்கத்தில், ழான் நூவேல் வடிவமைத்து 2021ல் திறந்தது. கண்காட்சி எது நடந்தாலும் சரி, ஆற்றைப் பார்த்த கண்ணாடிக் கூடத்துக்காகவே போகலாம். அங்கிருந்து எதிர்க்கரை ஒரு சட்டம் போட்ட படம் போலத் தெரியும். அப்புறம் செஞ்சுரி அவென்யூவில் கிழக்கே நடந்துபோங்கள், ஐந்து கிலோமீட்டர். சாலையின் நடுக்கோட்டை வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளி, வடக்கு நடைபாதையை அகலமாக்கி மரம் நட்டிருக்கிறார்கள். முடிவில் செஞ்சுரி பூங்கா, 140 ஹெக்டேர், ஏரியில் படகும் உண்டு. திரும்ப நடக்க வேண்டாம், பூங்கா வாசலிலேயே 2ஆம் தட மெட்ரோ இருக்கிறது.